பதினான்கு பிகாஸ்

கேள்வி:

டீச்சர், நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வயது 33. கல்யாணமாகி ஆறு வருஷம். அவர் ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையொன்றில் கணக்கு பார்க்கிறார். சனிக்கிழமைகளில் நான் ஹட்டனுக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்கிற முன்னிடைச்சொல்லும், ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ என்கிற இணைப்புச் சொல்லும் எனக்கு என்றைக்குமே தகராறுதான். போன கிழமை, ‘பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுக்கும் தம்பதிகள்’ பற்றி 250 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன், திருத்தித் தர முடியுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம். இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு. வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘இன்னும் இல்லை’ என்று சொல்லிச் சமாளிக்கிறேன். மாமி கோயிலில் தொட்டில் கட்டிவிட்டார். மாமி பேச்சை எடுத்தாலே என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விடுகிறார். எங்கள் பாடசாலை அதிபர்கூட, ‘படிச்ச நீங்களே இப்படி இருந்தா நம்ம சனம் என்னாவுறது’ என்கிறார். நான் மூத்தவள் டீச்சர், எனக்குக் கீழே நாலு பேர். ஒன்பது வயதிலேயே நான் அம்மா ஆகிவிட்டேன். நான் செய்வது பிழையா?

– வாசகி, மஸ்கெலியா

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உறையைப் பிரித்ததும் கையில் முதலில் அகப்பட்டது கட்டுரைதான். அதைப் படித்துவிட்டுத்தான் கடிதத்துக்கு வந்தேன். ஆனால் கட்டுரையின் மூன்றாவது பந்தியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. அதுவரை ‘சம் கப்பிள்ஸ்’, ‘தே’ என்று யாரோ தூரத்து மனிதர்களைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் உங்களை அறியாமல் ‘வீ’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துத் திருத்தவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிவப்புப் பேனா பிடித்த கை இது. பிள்ளைகள் எந்த வரியில் தங்களை மறந்து எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

சரி, திருத்த வேலையைப் பார்ப்போம். 250 சொல்லில் பதினான்கு ‘பிகாஸ்’ இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்தேன். நான்கு ‘மோர்ஓவர்’, மூன்று ‘ஆல்தோ’, இரண்டு ‘டிஸ்பைட் ஆஃப்’. உங்கள் வகுப்பில் வெளிநாடு போவதற்கான ஐ.ஈ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், இந்த வியாதி அங்கிருந்துதான் பரவுகிறது. அந்தப் பரீட்சையில் கட்டுரைக்கு நான்கு அளவுகோல்கள், அதில் ஒன்று கோர்வை. ஆகவே கால் பங்குப் புள்ளி கோர்வைக்கு என்று மாஸ்டர் சொன்னவுடன், பிள்ளைகள் ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒரு இணைப்புச் சொல்லைக் குல்லா மாதிரி மாட்டிவிடுகிறார்கள். அந்த அளவுகோலை முழுக்க வாசித்தால் விஷயம் நேர்மாறானது. உச்சப் புள்ளி கிடைப்பது கோர்வை கண்ணில் படாமல் இருக்கும் கட்டுரைக்குத்தான். யந்திரம் மாதிரி இணைத்தால் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள்.

இணைப்புச் சொல்லில் நம் ஆட்கள் வழுக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். தமிழில் ‘மாமிக்குப் பிடிக்காட்டியும், ஆனா நாங்க முடிவெடுத்துட்டோம்’ என்று இரண்டையும் போட்டுப் பேசுவோம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலம் கஞ்சன், ஒன்றுக்கு மேல் கொடுக்காது. ‘ஆல்தோ’ போட்டால் ‘பட்’ கிடையாது. ‘பிகாஸ்’ போட்டால் ‘சோ’ கிடையாது. ‘டிஸ்பைட்’டுக்குப் பின்னால் ‘ஆஃப்’ வராது. அந்த ‘ஆஃப்’ அதன் பங்காளியான ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வீட்டுச் சொத்து. ‘ஆல்தோ’வுக்குப் பிறகு எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம் வர வேண்டும். ‘டிஸ்பைட்’டுக்குப் பிறகு ஒரு பெயர்ச்சொல், இல்லாவிட்டால் ‘இங்’ சேர்ந்த வினை. இவ்வளவுதான் இலக்கணம்.

இலக்கணத்தை விடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. உங்கள் வாக்கியம் இது: ‘ஆல்தோ வீ டிசைடட் நாட் டு ஹேவ் சில்ட்ரன், பட் மை மதர்-இன்-லா இஸ் வெரி சேட்.’ அந்த ‘பட்’டை எடுத்துவிட்டால் பிழை இல்லை. ஆனால் ‘ஆல்தோ’ எதன் தலையில் உட்காருகிறதோ, அந்தப் பாதி பணிந்துவிடும், மற்றப் பாதி நிமிர்ந்து நிற்கும். நீங்கள் எழுதியதில் பணிந்து நிற்பது உங்கள் முடிவு, நிமிர்ந்து நிற்பது மாமியின் கவலை. இடம் மாற்றிப் பாருங்கள்: ‘ஆல்தோ மை மதர்-இன்-லா இஸ் சேட், வீ ஹேவ் டிசைடட் நாட் டு ஹேவ் சில்ட்ரன்.’ அதே இரண்டு செய்திதான், மாமியின் கவலையும் மறைந்துவிடவில்லை. ஆனால் வாக்கியம் உங்கள் முடிவில் போய் நிற்கிறது. எதை நிமிர்த்துவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முன்னிடைச்சொல்லுக்கு வருவோம். நமக்கு வேற்றுமை உருபு சொல்லின் வாலில் வருகிறது, அவர்களுக்குத் தலையில் வருகிறது. அது பழகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில். நம் ‘இல்’ ஒன்றே எல்லா வேலையும் பார்த்துவிடும்: ஹட்டனில் இருக்கிறேன், தோட்டத்தில் பிறந்தேன், ரயில் ஹட்டனில் நிற்கும். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று. ஊருக்குள் வாழ்கிறவருக்கு ஊர் ஒரு வீடு மாதிரி, அதனால் ‘இன் ஹட்டன்’. ரயிலுக்கு ஹட்டன் வெறும் புள்ளி, அதனால் ‘அட் ஹட்டன்’. தோட்டம் என்பது விரிந்து கிடக்கிற நிலம், மனிதர் அதன் மேல் இருக்கிறார்கள், அதனால் ‘ஆன் எ டீ எஸ்டேட்’. பண்ணைக்கும் இதே ‘ஆன்’தான். வாகனத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது. எழுந்து நடமாட முடிந்தால் ‘ஆன்’, பஸ்ஸும் ரயிலும் அப்படி. ஏறினால் உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் ‘இன்’, காரும் ஆட்டோவும் அப்படி. (மாலை ஐந்தரை பஸ்ஸில் மஸ்கெலியாவுக்கு நின்றுகொண்டு போகிறவர்கள் நடமாட்டத்தைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.)

நீங்கள் எழுதிய ஒரு பிழை எனக்குச் சிரிப்பையும் வரவழைத்தது, கொஞ்சம் சங்கடத்தையும் தந்தது. ‘ஐ ஆம் மேரிட் வித்’ என்று தொடங்கி உங்கள் வீட்டுக்காரரைச் சொல்லியிருக்கிறீர்கள். தமிழில் அவரோடு கல்யாணம் நடந்ததால் ‘வித்’ வந்துவிட்டது. ஆங்கிலத்தில் கணவரைச் சொல்ல ‘மேரிட் டூ’. ‘மேரிட் வித்’ என்றால் கேட்கிறவர் அடுத்ததாகப் பிள்ளைகளின் எண்ணிக்கையை எதிர்பார்ப்பார். ‘மேரிட் வித் டூ சில்ட்ரன்’ என்பதுதான் வழக்கம், கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள் என்று அர்த்தம். பாருங்கள், மாமியும் அதிபரும் போதாதென்று ஒரு முன்னிடைச்சொல்லும் உங்களிடம் அதையே கேட்கிறது. ‘டூ’ என்று எழுதுங்கள். அது புருஷனோடு நின்றுகொள்ளும்.

இனி அந்தப் பதினான்கு ‘பிகாஸ்’.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். உலகம் சூடாகிறது, சனத்தொகை பெருகுகிறது, பால்மா விலை, புலமைப்பரிசில் போட்டி, வீட்டில் ஒரே அறை, சம்பளம் போதாது, இப்படியே போகிறது. இதில் ஒன்பதோ பத்தோ உங்களுடையவை அல்ல, கடன் வாங்கியவை. வகுப்பில் யாரோ சொன்னது, பேப்பரில் பார்த்தது. பால்மா விலை நாளைக்கே பாதியாகக் குறைந்தால் பெற்றுக்கொள்வீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் அது காரணம் இல்லை, கேடயம். எப்போது யார் ‘ஏன்’ என்று கேட்டாலும் எடுத்து நீட்டுவதற்கு இடுப்பில் பதினான்கு சொருகி வைத்திருக்கிறீர்கள். ஆறு வருஷப் பழக்கம், இங்கிலீஷிலும் வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தின் மிக நல்ல வரி கட்டுரையிலேயே இல்லை. ‘ஒன்பது வயதிலேயே நான் அம்மா ஆகிவிட்டேன்.’ இதில் ஏனென்றால் இல்லை, ஆகையால் இல்லை, வாசிக்கிறவருக்கு எல்லாம் விளங்குகிறது. இதை இங்கிலீஷில் போட்டுப் பாருங்கள்: ‘ஐ வாஸ் த எல்டஸ்ட் ஆஃப் ஃபைவ். அட் நைன், ஐ வாஸ் ஆல்ரெடி எ மதர்.’ ஒரு ‘ஆஃப்’, ஒரு ‘அட்’, இரண்டும் சரியான இடத்தில். இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. கண்ணில் படாத கோர்வை என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

நீங்கள் செய்வது பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தது பிழை இல்லை. பிழை ‘இன்னும்’ என்ற சொல்லில் இருக்கிறது.

‘இன்னும் இல்லை’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மாமி அதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்கிறார். நம்பிக்கை வந்தால் சும்மா இருக்க முடியுமா? தொட்டில் கட்டுவார், கயிறு கொண்டு வருவார், டவுனில் யாரோ நல்ல டாக்டர் இருக்கிறார் என்று டோக்கன் எடுத்து வைப்பார். நாளைக்கு ஊரில் ஒருத்தி உங்களைப் பார்த்து அந்தப் பழைய சொல்லைச் சொல்லுவாள். உங்கள் தெரிவை ஒரு குறைபாடாக மாற்றி ஊருக்குக் கொடுத்தது அந்த ‘இன்னும்’தான். இங்கிலீஷிலும் இதே கதைதான்: ‘நாட்’ வேறு, ‘நாட் யெட்’ வேறு. தமிழில் இது இன்னும் துப்புரவாக இருக்கிறது. இல்லை என்பது ஒன்று, வேண்டாம் என்பது வேறொன்று. உங்கள் நிலைமை வேண்டாம். அதை இல்லை என்று சொல்லி வருகிறீர்கள்.

ஒருவேளை உண்மையிலேயே உள்ளே ஒரு ‘இன்னும்’ இருந்தால், அதை முதலில் உங்களுக்குள்ளே ஒத்துக்கொள்ளுங்கள். 33 வயதில் மனம் மாறலாம், ஆனால் முப்பத்தைந்துக்கு மேல் உடம்பு மனத்துக்காகக் காத்திருப்பது குறைந்துகொண்டே போகும். இது என் துறை இல்லை. எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் குடும்பத் திட்டமிடல் கிளினிக்கில் லூப், கையில் வைக்கிற குச்சி என்று பிறகு வேண்டுமானால் எடுத்துவிடக்கூடிய கருத்தடை வழிகள் இருக்கின்றன. மிட்வைஃப் மிஸ்ஸிடம் போய்ப் பேசுங்கள். அவருக்காவது உண்மையைச் சொல்லுங்கள்.

மாமியிடம் யார் சொல்வது? உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் இல்லை. சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார் என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முடிவு இருவருடையது என்றால் திட்டு வாங்குவதும் இருவருக்கும் பொது. அவர் வாய் திறக்காத வரைக்கும் அந்த வீட்டில் குற்றவாளி மருமகள் மட்டும்தான், அவர் பாவப்பட்ட பிள்ளை. ‘அம்மா, எங்களுக்கு முடியாம இல்ல, வேணாம்னு இருக்கோம். நானும் சேந்துதான் முடிவெடுத்தேன்’ என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டே வசனம். கூட ஒரு ‘பிகாஸ்’ வேண்டாம். காரணம் கொடுத்தால் மாமி அந்தக் காரணத்தைத் தீர்த்து வைக்கக் கிளம்பிவிடுவார். பணம் என்றால் சீட்டு எடுத்துத் தருவார், வளர்க்க ஆள் இல்லை என்றால் நான் இருக்கிறேன் என்பார்.

மாமியைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் அவர் வயதுப் பெண்களைத் தெரியும். என் அம்மாவும் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது வேலைக்குப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில்தான் கிடப்பான், கூரைத் தடியில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பத்து மணி போல அம்மா மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கை அவிழ்க்க நேரம் இருக்காது. பனியில் நனைந்த படங்கோடேயே உட்கார்ந்து தம்பியை மடியில் போடுவார். அந்த ஈரம் பட்டதும் அவன் வீரிட்டு அழுவான். பால் குடித்து முடிப்பதற்குள் மேலேயிருந்து கங்காணியின் சத்தம் கேட்கும். அந்தப் பெண்களிடம் பிள்ளை வேணுமா வேணாமா என்று யாரும் கேட்டதில்லை. மாமி கட்டிய அந்த விரல் நீளத் தொட்டிலில் உங்கள் மீதான அன்பும் இருக்கிறது. மகன் சொல்லும்போது மாமி அழுவார். அழட்டும், கூட உட்காருங்கள். பதில் சொல்ல வேண்டாம்.

அதிபர் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். எண்ணிக்கையில் சிறிய சனத்துக்குத் தலை எண்ணிக்கை மேல் பயம் இருப்பது இயற்கை. பிரதேச சபை ஆசனம் வரைக்கும் கணக்குத்தான். ஆனால் நம் வயிற்றைக் கணக்குப் பார்த்தவர்களின் வரிசை நீளமானது. 1948இல் மலையகத் தமிழரான நம் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அதோடு ‘இயற்கைப் பெருக்கமும் சேர்த்து’ என்று எழுதிக்கொண்டார்கள். அதாவது பிறக்காத பிள்ளைகளையும் பங்கு போட்டார்கள். எண்பதுகளில் அரசாங்கம் கருத்தடை ஒப்பரேஷனுக்கு ஊக்கப் பணம் கொடுத்தது. கையில் காசு இல்லாத பெண்ணுக்கு அந்தப் பணம் எப்படிப் பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பெறாதே என்றார், இன்னொருவர் பெறு என்கிறார். அதிபருக்கு மரியாதையாக ஒரு ‘சரி சேர்’ போதும். ‘அதான் இஸ்கூல்ல முப்பது புள்ள இருக்கே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது மன்னிப்புக் கேட்பது. அந்த முப்பது பேருக்கும் அம்மா இருக்கிறார்கள், உங்களிடம் அவர்களுக்கு வேண்டியது ஒரு டீச்சர்.

வயதானால் யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊர் கேட்கும். எனக்கு மூன்று பிள்ளைகள். ஒருவன் கட்டாரில், ஒருத்தி கொழும்பில், ஒருத்தி இத்தாலியில். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவது பக்கத்து வீட்டுப் பெண். பிள்ளைகள் மோசம் என்று சொல்ல வரவில்லை, அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். உங்களுக்கு ஓய்வூதியம் வரும். உங்கள் வீட்டுக்காரர் கடையில் ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பாருங்கள். அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம் பிடித்தால் முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். சின்னக் கடைகள் சிலதில் பிடிப்பது மட்டும் நடக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் இந்தக் கடதாசிகளைச் சோம்பலில் விடக்கூடாது.

கடைசியாக ஒரு திருத்தம். ‘மை மதர்-இன்-லா இஸ் ஆங்ரி ஆன் மீ’ என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குக் கோபம் என் மேல் வந்து உட்காரும், அதனால் ‘ஆன்’ போடத் தோன்றும். ஆங்கிலத்தில் ‘ஆங்ரி வித் மீ’. ‘வித்’ இங்கேதான் வரும்.

கட்டுரையை மறுபடி எழுதி அனுப்புங்கள். 250 சொல். மூன்றாவது பந்தியில் வந்த ‘வீ’யை முதல் வரிக்குக் கொண்டு போங்கள். வகுப்பில் கொடுக்க மனமில்லையென்றால் அவர்களுக்கு ‘தே’ போட்டு ஒரு பிரதி, எனக்கு ‘வீ’ போட்டு ஒரு பிரதி. ‘பிகாஸ்’ ஒன்றே ஒன்றுதான் அனுமதி, எது என்று நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள், சிவப்புப் பேனாவுக்கு இடம் வேண்டும். அவர் அம்மாவிடம் பேசிவிட்டாரா என்பதைப் பின்பக்கத்தில் தமிழில் எழுதினால் போதும்.